சுடுகல்லில் ஒரு குடம் தண்ணீர்

முதல் குடம் கவிழ்ந்ததும் கல் சீறியது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்த ஓசை. கூடவே ஒரு வாசனை. கோடை மழைக்கு வருகிற மண்வாசனை இல்லை அது. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் சாணி, கொஞ்சம் காய்ந்த பாசி.

அடுத்த குடம். அதற்கடுத்த குடம். தவில்காரர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது: 'டக்'. யாரோ விரலைச் சொடுக்கியதுபோல் ஒரு சின்னச் சத்தம். காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

யாரும் திரும்பவில்லை. பல்லக்குத் தூக்கி வந்தவர்கள் ஈரக் கல்லில் வெறுங்காலை வைத்து, "அப்பாடா" என்று மூச்சு விட்டார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். பாலத்தின் நடுக்கல்லில், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு கோடு. வெயிலில் கல் நொடியில் காய்ந்துவிட்டது. அந்தக் கோடு மட்டும் காயாமல், பென்சிலால் இழுத்ததுபோல் கறுப்பாக நின்றது.

"இன்னா கோமதி, சாமிய சேவிக்காம தரையப் பாத்துக்கினு கீற?" என்றார் அண்ணன் ராஜவேலு. கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா.

"கல்லு விரிஞ்சிருக்கு அண்ணே."

"விரியும், விரியும். இந்த வெய்யில்ல மனுசனே விரிஞ்சிக்கினு கீறான்."

சென்ற வாரம் பத்திரிகை அலுவலகத்து மின்விசிறிகளைப் பற்றி எழுதினேன். அதைப் படித்த நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றபின் நிம்மதியாக இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். அவருக்கான பதில் இந்த அத்தியாயம்.

எழுத்தில்லாத பாலம்

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் பிரிகிற ஒரு பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். சென்னை வீட்டை மகளிடம் விட்டுவிட்டு, பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்திருந்தேன். ஊருக்கும் ஏரிக்கும் நடுவில் கலங்கல் கால்வாய். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகிற வழி. அதன்மேல்தான் அந்தக் கல்லுப் பாலம்.

கால்வாய்க்குள் கருங்கல் தூண்கள். தூண்களின் தலையில் குறுக்குக் கற்கள். அவற்றின்மேல், ஆள் நீளத்தையும் தாண்டிய பலகைக் கற்கள் வரிசையாக. ஓரங்களில் கைப்பிடிக் கற்கள். அவ்வளவுதான் பாலம். யார் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜாவைச் சொல்வார்கள். கல்வெட்டுக்குப் பேர்போன ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒற்றை எழுத்துகூட இல்லாமல் அது நின்றது. அதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

சித்திரைக் கடைசியில், கத்திரி வெயில் தொடங்கியபின், எங்கள் பெருமாள் ஏரிக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். உச்சி வேளையில்தான் போவார். காலையில் போனால் என்ன என்று நான் கேட்டதுண்டு. கேட்டிருக்கக் கூடாது. பாலத்தின் நடுவில் பல்லக்கை நிறுத்தி ஒரு தீபாராதனை நடக்கும். பல்லக்கு, தூக்குகிறவர்கள், அர்ச்சகர், மேளம், அண்ணன், அண்ணனுக்கு நெருக்கமானவர்கள் என்று அத்தனை பேரும் அப்போது நிற்பது அந்த நடுக்கல்லின்மேல்.

தூக்குகிறவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். கல்லோ அடுப்பு.

இங்கேதான் அஜீஸ் பாய் வருகிறார். உத்திரமேரூர் கடைத்தெருவில் சிமென்ட், கம்பி, பெயின்ட் விற்கிற கடை அவருடையது. பாலத்தை ஒட்டிய தென்னந்தோப்பும் அவருடையது. அவருடைய தாத்தா காலத்தில், சாமி தூக்கிகள் கால் பொறுக்காமல் துள்ளுவதைப் பார்த்து, தோப்புக் கிணற்றிலிருந்து இறைத்துக் கல்லில் ஊற்றச் சொன்னாராம். அன்றிலிருந்து வருடந்தோறும் அந்தக் குடும்பம்தான் ஊற்றுகிறது. அதற்கு மரியாதையாகப் பெருமாள் கழுத்திலிருந்து ஒரு மாலை. பாய் அதைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டி வைப்பார். அடுத்த வருடத்து மாலை வரும்வரை அது அங்கேயே சருகாகிக் கிடக்கும்.

இதைவிட நல்ல வழக்கம் ஒரு ஊரில் இருக்க முடியாது. அதுதான் பிரச்சினை.

கல்சட்டி தெரியும், பாலம் தெரியாது

ஒன்றிய அலுவலகத்துக்குப் பல முறை போய்க் கேட்டபின் ஒரு பொறியாளர் வந்தார். இளம் பெண். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். மற்ற கற்கள் 'ணங்' என்றன. நடுக்கல் 'பொத்' என்றது.

"மேல வெயில்ல கல்லு கொதிக்குது மேடம். அடியில கால்வாய் ஈரம், நிழல். ஒரே கல்லு மேல விரியுது, கீழ விரியல. அப்ப திடீர்னு தண்ணி ஊத்தினா மேல்தோல் மட்டும் சட்டுனு சுருங்கும். உள்ள இன்னும் சூடு. எங்கயாவது கிழிஞ்சுதான ஆகணும்? கிழிஞ்ச இடத்துல தண்ணி இறங்கும். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கிழியும்."

கற்களுக்கு இடையே இருந்த சந்துகளைக் காட்டினார். முன்பு அங்கே சுண்ணாம்புக் காரை இருந்தது. வெயிலில் கல் விரிந்தால் காரை இடம் கொடுக்கும். மழையில் குடித்த ஈரம் அதன் வழியே வெளியேறும். சில வருடங்களுக்கு முன் ஊரார் சேர்ந்து பாலத்தைப் 'புதுப்பித்தார்கள்'. காரையைச் சுரண்டி எறிந்துவிட்டு, சந்துகளில் சிமென்ட்டை அடைத்தார்கள். இப்போது கல்லுக்கு விரிய இடமில்லை, ஈரத்துக்குப் போக வழியில்லை.

"சிமென்ட்ட எடுங்க, சுண்ணாம்பு வைங்க. அதுவரைக்கும் லாரி விடாதீங்க. சூட்டுல தண்ணி ஊத்தாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். வந்ததென்னவோ ஒரு அறிவிப்புப் பலகைதான். 'கனரக வாகனங்கள் செல்லக் கூடாது.' அதைப் பொருத்த வந்தவர்கள் பாலத்தின் கைப்பிடிக் கல்லில் துளை போட்டுவிட்டுப் போனார்கள்.

பொறியாளர் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. எங்கள் ஊரில் எந்தச் சமையலறையில் வேண்டுமானாலும் கேளுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கல்சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவார்களா? கொதிக்கிற மண்சட்டியை ஈரத் தரையில் வைப்பார்களா? வைத்தால் மாமியார் என்ன சொல்வார்?

இன்னொன்று. எங்கள் கழனிக் கிணற்றை ஆழப்படுத்தியபோது அடியில் பாறை தட்டியது. விறகைக் குவித்து, பாறை பழுக்கும்வரை எரித்து, மேலேயிருந்து தண்ணீரைக் கொட்டினார்கள். பாறை பாளம் பாளமாகப் பிளந்தது. "கொட்டு, கொட்டு, சூடு ஆறங்காட்டியும் கொட்டு!" என்று கிணற்று மேட்டில் நின்று கத்தியவர் வேறு யாருமில்லை, என் அண்ணன்.

அதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

"அது கெணத்துப் பாறை," என்றார். "இது சாமி போற பாலம். ரெண்டும் ஒண்ணா?"

கை யாருடையது?

செய்திப் பிரிவில் இருந்தபோது ஒவ்வொரு கோடையிலும் ஒரே செய்தி வரும். 'கொளுத்தும் வெயில், மக்கள் அவதி.' வெயில் கொளுத்தாமல் என்ன செய்யும் என்று முதல் சொல்லை அடிப்பேன். மக்கள் அவதிப்படாமல் என்ன செய்வார்கள் என்று அடுத்ததையும் அடிப்பேன். கடைசியில் ஒரு படம் மட்டும் மிஞ்சும். சொன்ன ஒரு வார்த்தை, அச்சேறுவதற்குள் என்னவெல்லாம் ஆகும் என்று அந்த வேலையில் கற்றேன். ஊரில் அதற்கு அச்சுக்கூடம்கூடத் தேவையில்லை.

'சூடான கல்லில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று நான் அண்ணனிடம் சொன்னது காலையில். 'பாய் வூட்டுத் தண்ணி வேணாம்னு பேப்பரம்மா சொல்ட்டாங்களாமே' என்று டீக்கடையில் அது மாறியிருந்தது மாலையில்.

மறுநாளே அஜீஸ் பாய் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வாசலிலேயே சிரித்துக்கொண்டு வருகிறவர். அன்று சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. கல்லுக்குத் தண்ணி ஆவலியா? இல்ல, ஊத்தற கை ஆவலியா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. டீக்கடைமேல், அண்ணன்மேல், ஒரு கல்லைப் பற்றிப் பேசினால் அதைக் கல்லோடு விடத் தெரியாத எல்லோர்மேலும்.

"கை யாருதுன்னு கல்லுக்குத் தெரியாது பாய். சூடு மட்டுந்தான் தெரியும். வாங்க, காட்டறேன்."

நல்ல வெயில். பாலத்துக்குக் கூட்டிப்போய், நடுக்கல்லில் கை வைக்கச் சொன்னேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். பிறகு கால்வாய்க்குள் இறங்கினோம். பாலத்தின் அடியில் குனிந்து, அதே கல்லின் அடிவயிற்றில் கை வைத்தார். அங்கே கல் சில்லென்று இருந்தது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மேலே நான் பார்த்த கோடு அங்கேயும் வந்துவிட்டிருந்தது. அதன் நுனியில் ஒரு துளி ஈரம்.

பாய் அந்தத் துளியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மேல அடுப்பு, கீய பானை," என்றார். பிறகு சந்தில் இருந்த சிமென்ட்டைச் சுரண்டிப் பார்த்தார். "இது நம்ப கட சிமிட்டியா?"

"ஆமாம்."

"நல்லாதான் புடிச்சிக்கினு கீது," என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை.

மேலே ஏறியபின் சொன்னார்: "நீ சொல்றது புரியுது தங்கச்சி. எங்க அத்தா ஊத்துனாரு, நான் ஊத்தறேன். நான் நிறுத்துனா, நாளைக்கு எம் பையன இந்த ஊர்ல யாரு கூப்புடுவான்? மால போனா போவுது. கூப்புடறது போச்சுன்னா?"

வீடு வரைக்கும் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தேன்.

பந்தல்

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த திருவிழா அன்று விடியும் முன்பே பாலத்தின்மேல் கீற்றுப் பந்தல் போட்டுவிடுவது. வெயில் படாவிட்டால் கல் சுடாது. சுடாத கல்லில் பாய் எத்தனை குடம் வேண்டுமானாலும் ஊற்றட்டும். கல்லும் பிழைக்கும், வழக்கமும் பிழைக்கும்.

ஆச்சரியம், அண்ணன் ஒப்புக்கொண்டார். பாய் தன் தோப்புக் கீற்றையே தருகிறேன் என்றார். மணல் நிரப்பிய டின்களில் மூங்கில் நட்டு, கல்லில் ஒரு கீறலும் விழாமல் பந்தல் எழுந்தது. திருவிழா அன்று காலை அதன் கீழே நின்று வெறுங்காலை வைத்துப் பார்த்தேன். கல் குளிர்ந்திருந்தது. வாழ்க்கையில் ஒரு முறையாவது ஒரு காரியம் உருப்படப் போகிறது என்று நினைத்தேன்.

நாஷ்டா முடித்துவிட்டு மறுபடி போனால், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அண்ணே இது?"

"குடை தட்டும் கோமதி. பெருமாள் குடைய மடக்கிக்கினு போவ முடியுமா?"

"குடை உயரம் உங்களுக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெரியாம? பந்தக்காரனுக்குத்தான் தெரியல."

"நீங்க சொல்லலியா?"

"அவன் கேக்கல."

அவிழ்த்த கீற்றையாவது கல்லின்மேல் பரப்பி வைக்கச் சொன்னேன். பரப்பினார்கள். வழியில் குப்பை கிடக்கிறது என்று பின்னால் வந்த யாரோ வாரி எறிந்துவிட்டார்கள். ஏரிப்பக்கம் அனல் காற்று எழும்பியது. கல், வருடாவருடம் காய்கிற மாதிரியே காய்ந்தது.

காலைக் காட்டு

உச்சி வேளையில் பல்லக்கு வந்தது. பாலத்து முனையில் பாய் நின்றார். வெள்ளைச் சட்டை, தலையில் குல்லா, கையில் பித்தளைக் குடம், பின்னால் தண்ணீர் நிரம்பிய டிரம்கள். அவருக்கு எதிரில் நான் நின்றேன். என் கண் நடுக்கல்லின் கோட்டில் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் அது பாதிக் கல்லைக் கடந்திருந்தது.

பாய் என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். டீக்கடையில் பேசினவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூக்கிகள் கால் மாற்றிக் கால் மாற்றி வந்தார்கள். பாலத்துக்கு முன்னால், மண்பாதையிலேயே, பாய் கையை நீட்டி அவர்களை நிறுத்தினார். முன்தண்டில் இருந்தவரின் பாதத்தில் குடத்தைச் சாய்த்தார்.

"இன்னா பாய், கல்லுக்கு ஊத்து!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கல்லு நடக்கல நைனா. நீங்கதான நடக்கறீங்க? கால காட்டு."

சிரிப்பு எழுந்தது. ஒவ்வொருவராகக் காலை நீட்டினார்கள். பாய் குனிந்து குனிந்து ஊற்றினார். வயதானவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். தண்ணீரை மண் குடித்துக்கொண்டது. ஈரக்காலோடு, அந்த ஈரம் காய்வதற்குள், தூக்கிகள் பாலத்தை ஓடியே கடந்தார்கள். நடுவில் நிற்கவில்லை. அர்ச்சகர் கற்பூரத் தட்டோடு பின்னாலேயே ஓடினார். அண்ணன் "நில்லுடா, நில்லுடா, தீவாரதன!" என்று கத்திக்கொண்டு ஓடினார். பெருமாள் எங்கள் ஊரில் அவ்வளவு வேகமாகப் போனதை நான் பார்த்ததில்லை.

கல்லில் ஒரு சத்தமும் இல்லை. அக்கரையில் பாய்க்கு மாலை விழுந்தது. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் லாரி வந்தது.

சாமி திரும்பும்போது புழுதி பறக்கக் கூடாது என்று அண்ணன் ஏற்பாடு செய்திருந்த தண்ணீர் லாரி. என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லையாம். 'கனரக வாகனங்கள்' பலகையைத் தாண்டி அது பாலத்தில் ஏறியது. நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "தண்ணி வண்டிதாம்மா, லோடு இல்ல!" என்று எனக்குத் தைரியம் சொன்னார். பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் விசிறியாகப் பீய்ச்சியது. பழுத்த கல் மொத்தமும் சீறியது.

இந்த முறை 'டக்' இல்லை. வெடி.

"எவன்டா அது, சாமி கரையேறங்காட்டியும் வேட்டு வைக்கறது?" என்றார் அண்ணன்.

லாரி அதற்குள் கடந்துவிட்டது, யாருக்கும் அடியில்லை. நடுக்கல் குறுக்கே இரண்டாகி, ஒரு சாண் இறங்கி நின்றது. கால்வாய்க்குள் விழாமல் அதைப் பிடித்து வைத்திருந்தது பாய் கடை சிமென்ட். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று சாயங்காலமே ஊர் முடிவு கட்டிவிட்டது. பாய் இந்த வருடம் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, வழக்கம் தப்பியது, அதனால்தான் கல் பிளந்தது. ஊற்றவிடாமல் செய்தது நான். லாரி அந்த ஒரு நாளில் கொட்டியதைப் பாய் குடும்பம் மூன்று தலைமுறையிலும் கொட்டியிருக்காது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது லாரித் தண்ணிம்மா," என்றார்கள்.

வழக்கம்

அடுத்த சித்திரைக்குள் பொறியாளர் இரும்புத் தூண்களை அடியில் கொடுத்து, உடைந்த கல்லை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார். சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, சந்துகளில் மறுபடி சுண்ணாம்பு. இனிப் பாலத்தில் ஆட்கள் தனித்தனியாக நடக்கலாம், அவ்வளவுதான். பல்லக்கு தோப்பைச் சுற்றித் தார்ச்சாலை வழியாக ஏரிக்குப் போக வேண்டும்.

பாயை யாராவது கூப்பிடுவார்களா என்று எனக்குச் சந்தேகம். கூப்பிட்டது அண்ணன். நேரே கடைக்குப் போய், "இன்னா பாய், தண்ணி ரெடியா?" என்று அதட்டிவிட்டு வந்தாராம்.

தோப்பு வாசலில் பல்லக்கு நின்றது. பாய் இந்த முறை தன் மகனையும் நிறுத்தியிருந்தார். ஆளுக்கொரு குடம். தூக்கிகள் கேட்காமலேயே காலை நீட்டினார்கள்.

வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அண்ணனின் சம்பந்தி, இதென்ன புதுசாக இருக்கிறதே என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"புதுசா?" என்றார் அண்ணன். "எங்க முப்பாட்டன் காலத்துலேந்து பாய் வூட்டுத் தண்ணி சாமி தூக்கறவங்க காலுக்குத்தான். கல்லுக்கு ஊத்தற வயக்கமே நம்ப ஊர்ல கெடையாது. சுடுகல்லுல தண்ணி ஊத்துனா வெடிச்சிடும்ல? இதுகூடவா தெரியாது?"

குனிந்து ஊற்றிக்கொண்டிருந்த பாய் தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார். கழுத்தில் புது மாலை.

பிறர் எழுதியதைத் திருத்தியே சம்பளம் வாங்கியவள் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.